வீட்டில் அடி வாங்கும் பெண் கோயிலில் வாய் திறந்தால்

கேள்வி: ஜெலுத்தோங் பக்கம் உள்ள ஓர் அம்மன் கோயிலில் மகளிர் பிரிவுப் பொறுப்பில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூஜையில் எங்களோடு தேவாரம் பாடும் பெண் ஒருத்திக்கு வயது 28. இந்த வாரம் அவள் பாடவில்லை. தொண்டை கட்டிவிட்டது, எச்சில் விழுங்கவும் வலிக்கிறது என்றாள். பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் மட்டும் அழுதாள். கணவர் சம்சு சாராயம் குடித்துவிட்டு அடிக்கிறாராம், கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாராம். 3 ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயிலில்தான் தாலி கட்டினார்கள். இன்னும் பதிவு செய்யவில்லை. 2 வயதுக் குழந்தை இருக்கிறது. கணவர் எங்கள் பொருளாளரின் மகன், மாதாமாதம் அன்னதானத்துக்குக் கொடுப்பவர். தலைவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன், அவரே யாரென்று ஊகித்துவிட்டார். "இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவோம், அம்மன் முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கிவிடுவோம். பதிவாகாத கல்யாணம், போலீசுக்குப் போனாலும் நிற்காது" என்கிறார். நான் என்ன செய்வது? வரும் நவராத்திரியில் இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்கலாமா?
மகளிர் பிரிவுப் பொறுப்பாளர், பினாங்கு

பதில்: சகோதரி, தலைவர், சத்தியம், நவராத்திரி எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அந்தத் தொண்டைக்கட்டு. கழுத்து நெரிக்கப்பட்ட ஒருவருக்குக் குரல் கம்முவதும் விழுங்கும்போது வலிப்பதும் உள்காயத்தின் அறிகுறிகள். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் அங்கே இரத்தம் உறைந்து, சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரக்கூடும். கண்ணின் வெள்ளைப் பகுதியிலோ இமையிலோ சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், மூச்சு வாங்குவது, நெரித்த நேரத்தில் நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது என்று எது இருந்தாலும் அவசரம் இன்னும் கூடுகிறது. எதுவுமே இல்லாவிட்டாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். அடுத்த வெள்ளிவரை காத்திருக்காதீர்கள், இன்றே போகட்டும்.

தனியார் கிளினிக் வேண்டாம். பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஓஎஸ்சிசி என்ற சேவை உண்டு. வன்முறைக்கு ஆளானவரைத் தனி அறையில் வைத்துச் சோதித்து, காயங்களைப் பதிவு செய்து, போலீஸ் புகாருக்கும் சமூக நல அதிகாரியைப் பார்க்கவும் அங்கேயே வழி செய்து கொடுப்பார்கள். கவுண்டரில் "தொண்டை வலி" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். "கணவர் கழுத்தை நெரித்தார், இத்தனை மணிக்கு, ஒரு கையால் அல்லது இரண்டு கையால்" என்று சொல்ல வேண்டும். மலாயில் சொல்லத் தயங்கினால் பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள். குழந்தையையும் கூடவே அழைத்துப் போங்கள். குழந்தை வீட்டில் இருந்தால், அவள் எப்படியும் அங்கே திரும்பிப் போகத்தான் வேண்டியிருக்கும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டது. கன்னத்தில் விழுந்த அறையும் குற்றம்தான். ஆனால் கழுத்துக்குக் கை போன வீட்டில் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று யாரும் சொல்லக் கூடாது.

மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில், குழந்தையை வேறு யாராவது வைத்திருக்க, நீங்கள் மட்டும் அவளிடம் சில கேள்விகள் கேளுங்கள். அடி முன்னைவிட அடிக்கடி விழுகிறதா? கொன்றுவிடுவேன் என்றோ, நானும் செத்துவிடுவேன் என்றோ மிரட்டியிருக்கிறாரா? கத்தி, பாராங் எதையாவது எடுத்தாரா? போனைச் சோதிக்கிறாரா, எங்கே போனாலும் பின்தொடர்கிறாரா? நீ கர்ப்பமாக இருக்கிறாயா? குழந்தை மேல் கை வைத்தாரா? கடைசியாக, இன்றிரவு வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலும், இன்றிரவு எங்கே தங்குவது என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள். "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?", "நீ என்ன பேசினாய்?" என்ற கேள்விகள் மட்டும் வேண்டாம். அவை காதில் விழுந்ததும் வாய் மூடிக்கொள்ளும். "நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை. அடுத்து என்ன செய்ய நினைக்கிறாய்?" என்பது போதும்.

கோயிலில் தங்க வைக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் வேண்டாம். இரண்டும் கணவருக்குத் தெரிந்த இடம், அதிலும் கோயில் சாவி பொருளாளரான அவர் அப்பாவின் கையில் இருக்கக்கூடும். பாதுகாப்பு இல்லங்களின் முகவரி இரகசியமாக இருப்பது இதற்காகத்தான். 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூசிசி மகளிர் மையத்தின் எண் 04-228 0342. கோலாலம்பூர் வாசகர்கள் டபிள்யூஏஓ எனும் மகளிர் உதவி அமைப்பை 03-3000 8858இல் அழைக்கலாம். குழந்தை எத்தனை, ஆணா பெண்ணா, என்ன வயது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த இல்லத்தில் இடம் என்பது அதைப் பொறுத்தது. கதவை உடைக்கிறார், துரத்துகிறார் என்ற நிலை வந்தால் 999 மட்டும்தான்.

இனி சட்டம். பதிவாகாத திருமணம் நிற்காது என்று தலைவர் சொல்வது இந்த விஷயத்தில் தவறு. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், தங்கள் சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு செய்துகொண்டவர்களையும் கணவன் மனைவியாகவே கணக்கில் எடுக்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. உங்கள் கோயிலில் தாலி கட்டினார்கள் என்றால் மண்டப ரசீது, பத்திரிகை, படம் எல்லாம் ஆதாரம். அவற்றின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள். பதிவில்லாததால் ஜீவனாம்சத்திலும் குழந்தையின் சட்ட நிலையிலும் சிக்கல் வரும். அதைச் சட்ட உதவி இலாகாவில் தனியாகக் கேட்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்புக்கு அது தடையில்லை.

பாதுகாப்பு உத்தரவு மூன்று வகை. மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் பாதியில் கைவிடப்படுகிறார்கள். முதலாவது இபிஓ எனும் அவசர உத்தரவு. 2017 சட்டத் திருத்தத்தில் வந்தது, 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. இதற்குப் போலீஸ் புகாரோ நீதிமன்றமோ தேவையில்லை. அதிகாரம் பெற்ற சமூக நல இலாகா அதிகாரியிடம் கேட்டால், விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உடல் காயம் அல்லது காயம் நேரும் என்ற அச்சம் இருந்தால்தான் கிடைக்கும், அதுவும் 7 நாளுக்குத்தான். ஆகவே வாங்கிய மறுநாளே இரண்டாவது உத்தரவுக்கு ஓட வேண்டும். "ஒரு வாரம் இருக்கிறதே" என்று இருந்துவிட்டு, எட்டாம் நாள் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கக் கூடாது.

இரண்டாவது ஐபிஓ, இடைக்கால உத்தரவு. போலீஸ் புகார் செய்து விசாரணை நடக்கும் காலத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் கொடுப்பது. விசாரணை அதிகாரியிடம் சமூக நல இலாகாவுக்கான பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கி, அதோடு இலாகாவுக்குப் போனால் அவர்கள் நீதிமன்றத்துக்கு வழிகாட்டுவார்கள். விசாரணை முடிந்தால் இதுவும் முடியும். வழக்குப் பதிவாகிக் குற்றஞ்சாட்டிய பின் மூன்றாவதான பிஓ எனும் பாதுகாப்பு உத்தரவைக் கேட்க வேண்டும். அது 12 மாதம்வரை, தேவையானால் இன்னும் 12 மாதம் நீட்டலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் அவர் வரக் கூடாது, போனில் தொடர்புகொள்ளக் கூடாது, துணிமணி எடுக்கப் போகும்போது அதிகாரி துணைக்கு வர வேண்டும் என்பதை எல்லாம் உத்தரவில் கேட்கலாம். கேட்காவிட்டால் தானாக வராது. கைது அதிகாரமும் சேர்த்துக் கேளுங்கள். அது இருந்தால் உத்தரவை மீறியவரைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். மீறினால் 2,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அடித்து மீறினால் 4,000 ரிங்கிட், ஓராண்டு. உத்தரவின் நகல் எப்போதும் அவள் கைப்பையிலும் போனிலும் இருக்கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடமும் ஒன்று இருக்கட்டும்.

இந்த உத்தரவு வாங்குவதும் விவாகரத்தும் வேறு வேறு. குடும்பத்தார் இரண்டையும் குழப்பித்தான் பெண்ணைப் பயமுறுத்துவார்கள். தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அந்தப் பயத்தில் பலர் போலீஸ் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள்.

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். புகார் மலாயில்தான் எழுதப்படும். சண்டை, கருத்து வேறுபாடு என்று பொதுவாக எழுதிவிட்டால் பிறகு எல்லாம் அந்த வரியிலேயே நின்றுவிடும். தேதி, நேரம், எந்தக் கை, உடம்பில் எந்த இடம், எத்தனை நொடி மூச்சு முட்டியது, சொன்ன மிரட்டல் வார்த்தை அப்படியே, குழந்தை பக்கத்தில் இருந்ததா, இதற்கு முன் எத்தனை முறை என்பவை இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகலும், விசாரணை அதிகாரியின் பெயரும் எண்ணும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போய்விடுவது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, சாமான் எடுக்க வீட்டுக்குத் துணையாகப் போவது எல்லாம் அதிகாரிகளின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அதைக் கேட்பது அவள் உரிமை.

காயங்களைப் படம் எடுக்கும்போது முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒன்று, பக்கத்தில் 20 சென் காசு வைத்துக் கிட்டத்தில் ஒன்று. இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் எடுங்கள். கன்றிப்போன இடம் அப்போதுதான் தெளிவாக நிறம் மாறித் தெரியும். படம் அவள் போனில் இருக்க வேண்டாம். மகளிர் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் வேண்டாம். அவளுடைய வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறந்து, வேறொரு கருவியில் ஓடுகிறதா என்று பாருங்கள். கணவர் தன் கணினியில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உடனே துண்டித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவள் வீட்டில் இருக்கும்வரை அதைத் தொடாமல், உங்கள் போனிலிருந்து பேசுவதே நல்லது. சாதாரணமாகத் தோன்றும் ஒரு வாக்கியத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். "வெள்ளிக்கிழமைக்கு எத்தனை முழம் பூ?" என்று வந்தால் "போன் செய்ய முடியவில்லை, 999 அழையுங்கள்" என்று பொருள், அவ்வளவுதான்.

போக முடிவு செய்தால் எடுக்க வேண்டியவை: மைகார்டு எனும் அடையாள அட்டை, குழந்தையின் பிறப்புப் பத்திரமும் மைகிட் அட்டையும், வங்கி அட்டை, மருந்து, நகை, குழந்தைக்கு இரண்டு நாள் துணி, 200 ரிங்கிட் ரொக்கம். அசல் எடுக்க முடியாவிட்டால் படம் போதும். முன்கூட்டியே மூட்டை கட்டி வைப்பது ஆபத்து, அது கண்ணில் பட்டால் அன்றிரவே அடி விழும். பத்திரங்களை ஒவ்வொன்றாக, கோயிலுக்கு வரும் பையிலேயே கொண்டு வரச் சொல்லுங்கள். பிரிந்து போகும் நாளும் அதற்கடுத்த வாரங்களும்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான காலம். "பேசாமல் விட்டுவிட்டு வா" என்று ஆத்திரத்தில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்த நாள், எந்த நேரம், யார் வண்டி என்று தீர்மானித்த பிறகே நகர வேண்டும்.

அவள் இப்போது வேண்டாம் என்று சொல்லலாம். போய்விட்டுத் திரும்பியும் வரலாம். பலர் ஒரே முறையில் விலகுவதில்லை. பணம், குழந்தை, மாமியார் வீட்டு மரியாதை, அவர் மேல் மிச்சமிருக்கும் பாசம் எல்லாம் இழுக்கும். அப்போது முகம் சுளித்தால், அடுத்த முறை அவள் உங்களிடம் வர மாட்டாள். குடும்ப வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் அதிகாரிக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தால் மானநட்ட வழக்குப் பயமும் இல்லை. சட்டம் உங்களுக்கு அந்தக் காப்பைக் கொடுக்கிறது. இருந்தாலும் அவளுக்குத் தெரியாமல் புகார் போனால் அடி அவளுக்குத்தான். உயிருக்கு உடனடி ஆபத்து, அல்லது குழந்தை அடிபடுகிறது என்றால் மட்டும் அவள் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது தலைவருக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்றே நினைக்கிறேன். நம் கோயில்களில் நிலத் தகராறு, உபயத் தகராறு எல்லாம் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. ஆனால் சமமான இரண்டு பேர் இருந்தால்தான் பஞ்சாயத்து நடக்கும். கழுத்தைப் பிடித்தவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாமனார் எதிரே இருக்க, அந்தப் பெண் எதைச் சொல்வாள்? சொன்னால் அன்றிரவு வீட்டில் அதற்குத் தண்டனை. சொல்லாவிட்டால் "ஒன்றும் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்" என்று கூட்டம் கலையும். இரண்டிலும் தோற்பவள் அவள்தான். சூடச் சத்தியம் இதைவிட மோசம். மறுபடி அடி விழும்போது வெளியே சொன்னால் சத்தியம் பொய்த்தது, அம்மனுக்கு ஆகாது, குடும்பத்துக்குக் கேடு வரும் என்று அவளையே அடக்குவார்கள். சத்தியம் செய்தவரை யாரும் தட்டிக் கேட்பதில்லை.

தலைவரிடம் தனியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "ஐயா, இது போலீஸ் குற்றம். கோயில் நடுவில் நின்று சமரசம் செய்து, நாளை அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நமக்கும் கேள்வி வரும். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதை யாரிடமும் பேசாமல் இருப்பது. பொருளாளரிடமும்தான்." அவர் ஊகித்துவிட்டதால் இந்தப் பேச்சு இன்றைக்கே நடக்க வேண்டும். அவர் ஏற்கெனவே யாரிடமாவது சொல்லிவிட்டிருந்தால் அதை அவளுக்கு உடனே தெரிவியுங்கள். அவள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நாள்கள் இவை.

குடியைக் காரணம் காட்டுவார்கள். சம்சு அபாயத்தைக் கூட்டும், உண்மை. ஆனால் அதே போதையில் அவர் கோயில் கமிட்டியையோ ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரையோ அடிப்பதில்லை. குடியை நிறுத்தினால் அடியும் தானே நின்றுவிடும் என்று நம்பி அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. தோஷம், செய்வினை, பரிகாரம் என்று பேச்சு திரும்பினாலும் இதே கதைதான். அவள் மன ஆறுதலுக்கு அர்ச்சனை கேட்டால் செய்யட்டும். அவள் ஜாதகத்தில்தான் கோளாறு என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

குருக்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கோயில்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். பெர்மிட்டைப் புதுப்பிப்பது கமிட்டி. பொருளாளரின் மகனைப் பற்றி அவர் வாய் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவரிடம் இரண்டு விஷயம் கேட்டால் போதும்: எந்தப் பெண் வந்து அழுதாலும் பொறுத்துப் போ என்று சொல்லாமல் உங்களிடம் அனுப்புவது, கல்யாணத்திலும் சொற்பொழிவிலும் "கல்லானாலும் கணவன்", "அடிக்கிற கைதான் அணைக்கும்" போன்றவற்றைத் தவிர்ப்பது. வெளியிலிருந்து வரும் சொற்பொழிவாளர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நவராத்திரி நிகழ்ச்சியைக் கட்டாயம் வையுங்கள், ஆனால் இந்தப் பெண் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு. அவள் அழுத வாரத்திலேயே கோயிலில் குடும்ப வன்முறை என்று பேனர் தொங்கினால் கணவர் இரண்டையும் முடிச்சுப் போடுவார். தலைப்பு "குடும்ப நலமும் பெண்கள் உடல் நலமும்" என்று இருக்கட்டும். கணவரிடம் சொல்லிவிட்டு வரக்கூடிய தலைப்பாக இருந்தால்தான் வர வேண்டியவர்கள் வருவார்கள். பேச்சு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அறிகுறிகள், மூன்று உத்தரவுகள், எண்கள், இவ்வளவே. பாதிக்கப்பட்ட பெண்ணை மேடையேற்றிக் கதை சொல்ல வைக்காதீர்கள். பேஸ்புக் நேரலை கூடாது, படம் எடுப்பதும் கூடாது. மைக்கைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னால் ஒன்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இல்லையென்றால் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் உடைந்து அழுவார், அரை மணியில் செய்தி வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பதில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுத்து, கேள்வி இல்லாதவர்களும் ஏதாவது எழுதிப் போடச் சொல்லுங்கள். யார் எழுதினார்கள் என்று தெரியாது. நிகழ்ச்சிக்குப் பின் குறைந்தது 45 நிமிடம், பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் பூ கட்டும் இடத்திலோ மடப்பள்ளி ஓரத்திலோ சும்மா இருப்பதுபோல் இருக்கட்டும். பேச வேண்டியவர்கள் அப்போதுதான் வருவார்கள்.

நவராத்திரியைவிட அதிகம் பலன் தருவது பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டும் சிறு ஸ்டிக்கர். வாசலில் துண்டறிக்கை கொடுத்தால் பக்கத்தில் கணவர் நிற்பார், வாங்கவே பயப்படுவார்கள். கதவு தாழிட்ட அந்த இரண்டு நிமிடம்தான் பலருக்குத் தனிமை. தமிழிலும் மலாயிலும் இரண்டு வரி, 15999, டபிள்யூசிசி எண். அதன் கீழே கிழித்தெடுக்கும் சிறு சீட்டுகளில் எண் மட்டும் இருக்கட்டும், வேறு எதுவும் எழுத வேண்டாம். போன் உறைக்குள் செருகி வைத்தாலும் என்ன எண் என்று தெரியாது. வாரம் ஒருமுறை பாருங்கள். சீட்டு குறைகிறது என்றால் அதுவே பதில். ஆண்கள் கழிப்பறையிலும் ஒன்று ஒட்டுங்கள்: "வீட்டில் கை ஓங்குகிறீர்களா? உதவி கேளுங்கள்" என்று.

கல்யாண மண்டபம் பதிவு செய்ய வரும் நேரத்தையும் விடாதீர்கள். மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசலாம். தாலி கட்டும் முன்னரே தேசியப் பதிவு இலாகாவில் பதிவு செய்ய வேண்டும் என்பதை மண்டப விதியாகவே வைத்துவிடுங்கள். பதிவில்லாத் திருமணங்களால் பின்னால் பெண்ணும் குழந்தையும்தான் அல்லல்படுகிறார்கள்.

கமிட்டியில் ஒரு பக்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள், யார் பெயரும் இல்லாமல். கோயில் சமரசம் செய்யாது. புகார் கேட்க இரண்டு பெண்கள் நியமிக்கப்படுகிறார்கள். கேட்டது கமிட்டிக்குக் கூட வராது. பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதைக் கோயில் மதிக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவர் பொறுப்பில் இருந்தால் விசாரணை முடியும்வரை ஒதுங்கியிருப்பார். உபயகாரர், பெரிய மனிதர் என்ற விலக்கு கூடாது. அடித்தவர் நன்கொடை கொடுத்துத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மாலை மரியாதை வாங்கிக்கொண்டு நிற்க, அடி வாங்கியவள் ஊர் பேச்சுக்குப் பயந்து கோயிலுக்கே வராமல் போவது பல இடங்களில் நடக்கிறது. அவள் வரும் நேரம் அவளுக்கு, அவர் வேறு நேரம் வரட்டும் என்று சொல்லும் தைரியம் நிர்வாகத்துக்கு வேண்டும்.

அவசர நிதியாக 1,000 ரிங்கிட் ஒதுக்கினால் கிராப் கட்டணம், புது சிம், பால்மாவு, பூட்டு மாற்றுவது எல்லாவற்றுக்கும் முதல் சில நாள்களுக்கு ஆகும். உங்கள் நிலைமையில் இந்தப் பணம் பொருளாளர் கை வழியாகப் போகவே கூடாது. மகளிர் பிரிவின் தனிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்தில் எடுக்கும்படி வையுங்கள். கணக்குப் புத்தகத்தில் பெயர் வேண்டாம், "நலநிதி, எண் 1" என்று ரசீதோடு இருந்தால் போதும். ஆண்டுக் கூட்டத்தில் மொத்தத் தொகையை மட்டும் வாசிக்கலாம்.

தேவாலயத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. முஸ்லிம் தம்பதியரின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில் என்றாலும், பாதுகாப்பு உத்தரவு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான். தேவாலயங்களில் மன்னிப்பை அவசரப்படுத்துவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அவள் மன்னிப்பது அவள் மனசு. மன்னித்துவிட்டாள் என்பதற்காகப் புகாரை மீட்டுக்கொள்ளச் சொல்ல பாஸ்டருக்கு உரிமை இல்லை. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் ஆலோசனையும் வன்முறை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது, காரணம் மேலே சொன்னதுதான்.

பேச்சாளருக்கும், உங்கள் இரண்டு பெண்களுக்கான பயிற்சிக்கும் டபிள்யூசிசியிடமே கேளுங்கள். தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லி, நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள். ஒன்பது இரவுகளில் கூட்டம் குறைவான வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; சரஸ்வதி பூஜை அன்று வேண்டாம்.